டீனியைத் தெரியாத தெரு

பழுப்பு சூட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் டலிவர் தெருவுக்குள் நுழைந்த சேதி, அவர் மூன்றாவது வீட்டுப் படி ஏறுவதற்குள் வெர்னெல் ஸ்டோக்ஸின் முடி அலங்காரக் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கொண்டுவந்தவர் ராஸ்கோ பேட்ஸ். குதிரை வண்டியில் காய்கறி விற்பவர். அறுபத்தெட்டு வயதில் ஓடி வந்ததில் அவருக்கு மூச்சு இரைத்தது.

"வெர்னெல், ஒருத்தன் வந்திருக்கான். கையில தோல் பை. டீனியைப் பத்திக் கேக்கறான்."

"எந்த டீனி?"

"நமக்கு எத்தனை டீனி இருக்கா? லியொன்டீன் கேதர். முழுப் பேரும் சொல்லிக் கேக்கறான். பொறந்த தேதி வரைக்கும் வச்சிருக்கான்."

முடியை நேராக்கும் சூடேறிய இரும்புச் சீப்பை வெர்னெல் அடுப்பின் விளிம்பில் வைத்தாள். நாற்காலியில் பாதி வாரிய தலையோடு உட்கார்ந்திருந்த பெண் கண்ணாடி வழியே அவள் முகத்தைப் பார்த்தாள். 

"நீங்க என்ன சொன்னீங்க, ராஸ்கோ?"

"கேள்விப்பட்டதே இல்லன்னேன். இந்தத் தெருவுல எத்தனை வருஷமா இருக்கீங்கன்னான். இன்னிக்குக் காலைலதான் வந்தேன், குதிரைக்கும் ஊரு புதுசுன்னுட்டேன்."

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ராஸ்கோ அந்தத் தெருவில் பிறந்தவர். அவருடைய குதிரைக்குக்கூட எந்த வீட்டு முன்னால் நிற்க வேண்டும், எந்த வீட்டில் ஆப்பிள் கொடுப்பார்கள் என்பது தெரியும்.

பால்டிமோரின் மேற்குப் பகுதியில் கறுப்பர்கள் வாழும் அந்தத் தெரு, சூட்டுப் போட்டவர்கள் கதவைத் தட்டினால் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்து இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. ஐம்பத்தொன்றில் இதேபோல ஒருவர் வந்து, பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்த விட்லாக் வாத்தியாரைப் பற்றி விசாரித்தார். எல்லோரும் நல்லதாகத்தான் சொன்னார்கள். நிறையப் படிப்பார், எல்லா வகை மனுஷரும் அவர் வீட்டுக்கு வருவார்கள், தொழிற்சங்கக் கூட்டத்தில் அழகாகப் பேசுவார் என்றார்கள். அடுத்த மாதமே, கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டு வாத்தியாருக்கு வேலை போய்விட்டது. வீட்டைக் காலி செய்துகொண்டு டெட்ராய்ட் பக்கம் போனவர் திரும்பவே இல்லை. புகழ்ந்தே ஒரு மனிதரைக் கவிழ்த்துவிட்டோமே என்ற உறுத்தல் தெருவுக்கு இன்னும் போகவில்லை.

அதனால் வெர்னெல் தொலைபேசியை எடுத்தாள். ஐந்து வீடுகளுக்கு அவள் பேசினாள். அந்த ஐந்தும் மற்ற வீடுகளுக்குப் பேசின. "டீனியா? யாருன்னு தெரியாது. அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது."

உண்மையில் டீனியைத் தெரியாத வீடு அங்கே எதுவும் இல்லை. பதினான்காம் எண் வீட்டில், இரும்பு ஆலைக் கூலிக்காரருக்குப் பிறந்த பெண். வெர்னெலைவிட இரண்டு வயது மூத்தவள். கறுப்பர் கல்லூரியில் படித்து, வெளியுறவுப் பணிக்கான எழுத்துத் தேர்வில் முதல் தடவையே தேறி, வாய்மொழித் தேர்வில் விழுந்து, அடுத்த வருடம் மறுபடி போய் உட்கார்ந்து ஜெயித்தவள். இருபத்தொரு வருடமாக உலகம் சுற்றிக்கொண்டிருந்தாள். ரங்கூன், ராட்டர்டாம், டக்கார், லிஸ்பன் என்று அவள் அனுப்பிய அஞ்சலட்டைகள் வெர்னெலின் கண்ணாடியைச் சுற்றி ஒட்டியிருந்தன. அப்பா, அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீடும் கைமாறிவிட்டது. ஆனாலும் நாடு திரும்பும்போதெல்லாம் தலைமுடியைச் சீர் செய்துகொள்ள டலிவர் தெருவுக்குத்தான் வருவாள்.

இந்த முறை வந்து ஒரு மாதம் ஆயிற்று. வாஷிங்டனில் தங்கியிருந்தாள். ஒரு தடவை கடைக்கு வந்தபோது, "வேலை விஷயமா கூப்பிட்டிருக்காங்க" என்றாள். என்ன விஷயம் என்று வெர்னெல் கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேன்" என்று முடித்துவிட்டாள். அவளிடம் எதையும் மறைத்துப் பழகாதவள் அப்படிச் சொன்னது அன்றே வெர்னெலின் மனதைக் குடைந்தது. இப்போது இந்த ஆள் வேறு. டீனி ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டுவிட்டாள் என்றே அவள் முடிவு செய்தாள்.

அவசரமாக அஞ்சலட்டைகளைப் பிய்த்தெடுத்துத் துண்டுகள் வைக்கும் அலமாரியில் திணித்தபோது அழைப்பு மணி அடித்தது.

வந்தவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தன் பெயர் ஆஸ்ட்லி என்றும், அரசாங்கத்தின் விசாரணை அதிகாரி என்றும் சொன்னார். முப்பத்தைந்து வயது இருக்கும். களைத்துப் போயிருந்தார்.

"பதினோரு வீடு ஏறி இறங்கிட்டேங்க. ஒருத்தருக்கும் அவங்களைத் தெரியலை. அந்த சர்ச் அம்மா, யூஜீனியா டார்சி, 'கேதரா? அது என்ன, சாப்பிடற சாமானா?'ன்னு கேக்கறாங்க."

சிஸ்டர் யூஜீனியாதான் டீனிக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று ஆற்றங்கரையில் துண்டோடு நின்றவர். வெர்னெல் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"அவங்களுக்கு வயசாயிடுச்சுங்க."

"உங்களுக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். டீனியின் சாய்ந்த கையெழுத்து. 'என்னை நன்கு அறிந்தவர்கள்' என்ற இடத்தில் முதல் பெயரே வெர்னெல் ஸ்டோக்ஸ். பக்கத்தில் 'முப்பத்தைந்து ஆண்டு நட்பு' என்று எழுதியிருந்தது.

இனி மறுப்பதற்கு வழியில்லை. வெர்னெல் அவரை உட்காரச் சொன்னாள்.

"எதுக்கு விசாரிக்கறீங்க?"

"நம்பிக்கையான ஒரு பொறுப்புக்காக. அதுக்கு மேல சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க."

"அவ ஏற்கெனவே அரசாங்கத்துலதான இருக்கா? இருபத்தொரு வருஷம் நம்பினவங்களுக்கு இப்ப என்ன திடீர்னு சந்தேகம்?"

"சந்தேகம் இல்லைங்க. வழக்கமான விசாரணை. அவங்க குடிப்பாங்களா?"

"சர்ச்சுல குடுக்கற திராட்சை ரசம்."

"யார்கூடவாவது சண்டை சச்சரவு?"

"ஏழாவது படிக்கறப்ப என்கூட. ஒரு ரிப்பனுக்காக."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்தைப் புரட்டினார். "ஐம்பத்து நாலு ஜனவரியில, நகரத்துல ஒரு மருந்துக் கடைக்குள்ள, வெள்ளைக்காரங்க மட்டும் சாப்பிடற மேடையில உக்காந்து எழுந்திருக்க மாட்டேன்னதுக்காகக் அவங்க கைதானதா ஒரு குறிப்பு இருக்கு. அந்த வருஷத்துக் கோர்ட்டுத் தாளெல்லாம் இருந்த நிலவறையில தண்ணி புகுந்து எல்லாம் நாசமாப் போச்சு. அதனால தெரிஞ்சவங்களைக் கேட்டுத்தான் உறுதி பண்ணிக்கணும். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

வெர்னெல் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். இதற்குத்தானா இத்தனை சுற்று? வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிவைத்த நாற்காலியில் உட்கார்ந்ததை வைத்தா இருபத்தைந்து வருடம் கழித்து அவளை வெளியே தள்ளப் பார்க்கிறார்கள்? விட்லாக் வாத்தியாரின் முகம் கண்முன் வந்தது. யோசிக்க அவகாசமில்லை. வாய் தானாகப் பேசிவிட்டது.

"அது டீனி இல்லீங்க. நான். போலீஸ்காரன் பேரை மாத்தி எழுதிட்டான். அவ அன்னிக்கு அந்தப் பக்கமே வரலை."

அவர் நிமிர்ந்து அவளை ஒரு கணம் பார்த்தார். எழுதி முடித்து, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். தன் பெயரும் எண்ணும் அச்சடித்த சீட்டு ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு பெரிய காரியம் செய்து முடித்ததைப் போல வெர்னெல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சீப்பை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசி ஆளும் போன பிறகு டீனி வந்தாள். சாம்பல் நிற உடை, தாழ்ந்த குதிகால் செருப்பு. கதவைச் சாத்திவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தலை அலசும் தொட்டியருகே போய் உட்கார்ந்தாள்.

"வெர்ன், நேத்து என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. மேஜைமேல ரெண்டு காகிதம். ஒண்ணுல, நான் கைதானேன்னு என் கையெழுத்து. இன்னொண்ணுல, நான் கைதாகலைன்னு உன் கையெழுத்து. இதுல எது பொய்னு கேட்டாங்க."

அவள் குரல் உயரவே இல்லை. எத்தனையோ நாட்டு அமைச்சர்களிடம் பேசிப் பழகிய குரல். அந்த அமைதிதான் வெர்னெலைச் சுட்டது.

"உன்னைக் காப்பாத்தத்தான்டி சொன்னேன்."

"தெரியும்."

"நீயாவே போயி அதை எழுதிக் குடுப்பேன்னு நான் கண்டனா?"

"எழுதாம? நான் செஞ்சதுலயே நல்ல காரியம் அதுதான். மறைக்கறதுக்கு அது என்ன திருட்டா?" டீனி பெருமூச்சு விட்டாள். "அதுவாவது பரவாயில்ல. பதினோரு வீட்டுல என்னைத் தெரியாதுன்னுட்டாங்க. பொறந்து வளந்த தெருவுலயே யாருன்னு தெரியாத ஒருத்தியை, நாட்டோட பேர்ல எங்கேன்னு நம்பி அனுப்புவாங்க?"

துண்டை மடித்துக்கொண்டிருந்த வெர்னெல் நிமிர்ந்தாள். "அனுப்பறதா? எங்க?"

"சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"எப்பவும் போறதுதானே. அதுக்கு எதுக்குத் தெருத் தெருவா ஆளு?" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். கண்ணாடியில் இருவர் கண்களும் சந்தித்தன. "டீனி... தூதராவா?"

டீனி தலையைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "தண்ணி சூடா இருக்கான்னு பாரு" என்றாள்.

டீனி இப்படிப் பேச்சை மாற்றினால் ஆமாம் என்று அர்த்தம் என்பது பன்னிரண்டு வயதிலிருந்து வெர்னெலுக்குத் தெரியும். குழாயைத் திறந்தாள். தண்ணீரைச் சரிபார்த்தாள். தான் கையில் ஏந்தியிருக்கும் இந்தத் தலை ஒரு நாட்டின் அரண்மனைக்குள் அமெரிக்காவின் தலையாகப் போகிறது. டலிவர் தெருத் தலை. அதைக் கவிழ்க்கப் பார்த்ததும் இதே டலிவர் தெரு.

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"நீ என்ன சொல்லணும்னு நான் சொல்லக் கூடாது, வெர்ன். சொல்லவும் மாட்டேன். அன்னிக்கு என்கூட யாரு இருந்தாங்கன்னும் கேட்டாங்க. அவங்க பேரை அவங்கதான் சொல்லணும்னுட்டேன்."

டீனி போன பின்பு வெர்னெல் காலியான நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

டீனி சொல்லாமல் விட்டது எது என்று அவளுக்குத் தெரியும். அன்று மருந்துக் கடையில் கைதானவர்கள் டீனியும் வெர்னெலும் என்றுதான் தெரு நம்பியிருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் சர்ச்சில் அந்த இரண்டு பெயர்களையும் வாசித்து எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அதில் ஒரு பெயர் பொய். வெர்னெல் கைதாகவே இல்லை. இது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். இருபத்தைந்து வருடத்தில் டீனி ஒருநாள்கூட, தனியாக இருக்கும்போதுகூட, அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மறுநாள் காலை வெர்னெல் அந்தச் சீட்டிலிருந்த எண்ணுக்குப் பேசினாள். "இன்னிக்கே வாங்க. மதியம் வாங்க. அப்பத்தான் கடை நிறைஞ்சிருக்கும்."

சனிக்கிழமை மதியம் என்றால் டலிவர் தெருப் பெண்களில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தலை தயாராக வேண்டுமே. ஆஸ்ட்லி உள்ளே வந்ததும் பேச்சு அறுந்து விழுந்தது. தலை உலர்த்தும் ட்ரையருக்குக் கீழே இருந்த சிஸ்டர் யூஜீனியா கண்ணை மூடித் தூங்குவதுபோல் பாவனை செய்தார். வாசலில் முட்டைக்கோஸ் கூடையோடு நின்ற ராஸ்கோ நழுவப் பார்த்தார்.

"எங்கயும் போகாதீங்க, ராஸ்கோ. சிஸ்டர், கண்ணைத் தொறங்க. அந்த ட்ரையரை நிறுத்துங்க யாராவது." வெர்னெல் ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். "மிஸ்டர் ஆஸ்ட்லி, செவ்வாய்க்கிழமை நான் சொன்னதைத் திருத்தணும்."

"ஏதாவது தப்பா ஞாபகம் வச்சு சொல்லிட்டீங்களா?"

"தப்பில்லீங்க. பொய். தெரிஞ்சே சொன்னது."

அவர் நோட்டுப் புத்தகத்தை மெதுவாக எடுத்தார்.

"அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும்தான் போனோம். எனக்கு இருபது வயசு. பக்கத்து பக்கத்து நாற்காலி. டீனி ரெண்டு காப்பி கேட்டா. அந்தப் பொண்ணு எங்களைப் பார்க்காத மாதிரி மேடையைத் துடைச்சுக்கிட்டே இருந்தா. ஒரு மணி நேரம். அப்புறம் மேனேஜர் போலீசைக் கூப்பிட்டாரு. ரெண்டு போலீஸ்காரங்க, ஒரு நாய். நாயைப் பாத்ததும் எனக்குக் கை கால் ஓடலை. உள்ள பாத்திரம் கழுவிட்டிருந்த நம்ம ஆளு ஒருத்தர் சமையலறைக் கதவைக் கொஞ்சமா திறந்து என்னைப் பாத்தாரு. நான் எழுந்து அந்த வழியா ஓடிப் போயிட்டேன்."

அவள் நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.

"கோட்டைக்கூட நாற்காலியிலயே விட்டுட்டேன். அந்த ஜனவரிக் குளிர்ல சட்டையோட டிராம் ஏறி வீட்டுக்கு வந்து கட்டிலுக்குக் கீழ படுத்துக்கிட்டேன். டீனி எழுந்திருக்கல. அவளைத் தூக்கிட்டுப் போனாங்க. ராத்திரி பூரா உள்ள வச்சிருந்தாங்க. மறுநாள் வெளிய வந்தப்ப என் கோட்டைக் கையில போட்டுக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்தா. எங்கம்மாகிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'வெர்னெலை முன்னாடியே விட்டுட்டாங்கம்மா, சின்னப் பொண்ணுன்னு.' நான் மறுத்துப் பேசல. இன்னிக்கு வரைக்கும் பேசல. வருஷா வருஷம் சர்ச்சுல என் பேரை வாசிக்கறப்ப எல்லாரும் எழுந்து நின்னீங்க. நானும் நின்னேன்."

"அப்போ அவங்க கைதானது உண்மை" என்றார் ஆஸ்ட்லி.

"அவ எழுதினது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. பொய் சொன்னது நான். அதுக்குத் தண்டனை உண்டுன்னா குடுங்க. அவ உள்ள இருந்த ஒரு ராத்திரி மாதிரி எனக்கும் ஒண்ணு ஆகட்டும்."

"தானா வந்து திருத்திட்டீங்க. அதையும் எழுதிக்கறேன்" என்றார் அவர்.

அடுப்பில் கிடந்த சீப்பு வீணாகக் காய்ந்துகொண்டிருந்தது. வெர்னெல் யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். முதலில் பேசியது சிஸ்டர் யூஜீனியாதான்.

"ஒரு மணி நேரம் உக்காந்திருந்தியா?"

"ஆமா சிஸ்டர்."

"அன்னிக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா? வீட்டுல. பட்டாணி உரிச்சுக்கிட்டு. ராஸ்கோ, நீ எங்க இருந்த?"

"வண்டிலதான். அந்தக் கடை இருக்கற தெருப் பக்கம் ஒரு வாரம் போகவே இல்ல."

"அப்புறம் என்ன? இங்க இருக்கறவங்கள்ல அந்த மேடை வரைக்கும் போனது ரெண்டே பேர்தான். ஒருத்தி கடைசி வரைக்கும் உக்காந்தா, ஒருத்தி நாய் வர வரைக்கும் உக்காந்தா." யூஜீனியா ட்ரையரைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டு எழுந்தார். தலை முழுக்கச் சுருள் ஊசிகள். "தம்பி, உக்காரு. தாளு நிறைய இருக்கா? எனக்கு ஞாபகசக்தி திரும்பி வந்துடுச்சு."

அதன் பிறகு டலிவர் தெருவை யாராலும் நிறுத்த முடியவில்லை.

யூஜீனியா ஞானஸ்நானத்திலிருந்து தொடங்கினார். முதல் வாய்மொழித் தேர்வில் தோற்று வந்த அன்று டீனி அழவில்லை, தன் வீட்டுப் பளிங்குப் படிகளைக் கல் தேய்ந்துபோகும் அளவுக்குத் தேய்த்துக் கழுவினாள், அக்கம்பக்கத்துப் படிகளையும் சேர்த்து. மறுநாளே அடுத்த வருடத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தாள் என்றார். நாற்காலியில் இருந்த பெண், தன் மகளுக்கு டீனி ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொன்னாள். இன்று அந்த மகள் பள்ளியில் பூகோளம் நடத்துகிறாளாம். சேதி பரவி, பக்கத்து வீடுகளிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். ஐந்தாம் எண் வீட்டு அம்மா கடுகுச் சாந்து தடவிய மீன் உருண்டைகளை உப்பு பிஸ்கட்டுக்கு நடுவே வைத்துத் தட்டோடு வந்தார். "சாப்பிட்டுக்கிட்டே எழுதுங்க, ஐயா. கை நடுங்கக் கூடாது பாருங்க."

ராஸ்கோ கடைசிவரை காத்திருந்தார்.

"என் அக்கா மகன் கிளவுட், கப்பல்ல வேலை செஞ்சவன். அறுபத்தஞ்சுல ராட்டர்டாம்ல ஒரு அடிதடின்னு பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க. அவன் அடிக்கலை. ஆனா பாஷை தெரியாம எப்படிச் சொல்லுவான்? அங்க துணைத் தூதரா இருந்தது டீனி. வெள்ளிக்கிழமை தவறாம ஜெயிலுக்குப் போயி அவனைப் பாத்தா. அவங்க பாஷையில அதிகாரிங்ககிட்டப் பேசினா. சாட்சி சொல்ல பயந்து ஒளிஞ்சிருந்த சமையல்காரனைத் துறைமுகம் பூரா அலைஞ்சு தேடிப் பிடிச்சா. நாலாவது மாசம் கிளவுட் வீட்டுக்கு வந்தான். என் அக்கா மகன்ங்கறதாலயா டீனி இதெல்லாம் செஞ்சா? அதே ஜெயில்ல மிசிசிப்பிலேர்ந்து வந்த வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன் இருந்தான். முதல் நாள் அவன் இவகூடப் பேச மாட்டேன்னான். 'சரி, அடுத்த வெள்ளிக்கிழமை வரேன், அப்பப் பேசு'ன்னாளாம். அவனையும் வெளிய கொண்டுவந்தா."

ஆஸ்ட்லியின் பேனா நின்றது. "இது எதுவும் கோப்புல இல்லையே."

"அதனாலதான் தெருவுக்கு வந்து கேக்கணும்" என்றார் ராஸ்கோ.

நோட்டுப் புத்தகம் தீர்ந்து, வெர்னெல் வாடிக்கையாளர் பெயர் எழுதும் ஏட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். அவர் புறப்படும்போது மணி ஆறு. கடைசியாக எல்லோரையும் ஒருசேரப் பார்த்து, விதிப்படி கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று என்று சொல்லி, நாட்டின் நம்பிக்கைக்குரிய ஒரு பொறுப்புக்கு லியொன்டீன் கேதரைப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டார்.

எல்லோரும் வெர்னெலைப் பார்த்தார்கள்.

"அவளை நம்பலாமான்னு கேக்கறீங்க" என்றாள் அவள். "நான் ஓடிப்போனதை இருபத்தஞ்சு வருஷம் எனக்காகப் பூட்டி வச்சிருந்தா. தன்னைப் பத்தின உண்மையை முதல் பக்கத்துலயே எழுதிக் குடுத்துட்டா. அடுத்தவங்க ரகசியத்தைக் காப்பாத்துவா, தன்னோடதை மறைக்க மாட்டா. இதைவிட உங்களுக்கு என்ன வேணும்?"

ஆஸ்ட்லி அதைச் சொன்ன சொல் மாறாமல் எழுதிக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்து நகரப் பத்திரிகையில் டீனியின் படம் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் கடலோர நாடு ஒன்றுக்கு அமெரிக்கத் தூதர். டலிவர் தெருவில் அந்த நாட்டின் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உச்சரித்தார்கள். சண்டை முற்றியதும் "டீனியோட நாடு" என்று பொதுவாக ஒப்புக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வெர்னெல் சர்ச்சில் எழுந்து நின்று, கடையில் சொன்னதை அங்கேயும் ஒருமுறை சொன்னாள். இனிமேல் பெயர் வாசித்தால் ஒன்றை மட்டும் வாசியுங்கள் என்றாள். போதகர் சற்று யோசித்துவிட்டு, "அதை ஜனவரியில பாத்துக்கலாம், உக்காரும்மா" என்றார்.

பிப்ரவரியில் பதவியேற்பு. சர்ச் பேருந்தில் நாற்பத்து மூன்று பேர் வாஷிங்டன் போனார்கள். ராஸ்கோ வாழ்க்கையில் முதன்முறையாகக் குதிரையை ஒருநாள் முழுக்க இன்னொருவர் பொறுப்பில் விட்டு வந்திருந்தார். கண்ணாடிச் சர விளக்குகள் தொங்கும் அந்தப் பெரிய கூடத்தில், கறுப்புக் கோட்டு அதிகாரிகளுக்கும் வெளிநாட்டு விருந்தினர்களுக்கும் பின்னால், பூத் தொப்பிகளும் இறகுத் தொப்பிகளுமாக டலிவர் தெரு நின்றது. நடத்தி வைத்த அதிகாரி சொல்லச் சொல்ல, டீனி வலது கையை உயர்த்தி, தெளிவான குரலில் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள்.

"லியொன்டீன் ரூத் கேதராகிய நான்..."

"ஆமென்!" என்றார் சிஸ்டர் யூஜீனியா, சர்ச்சில் போதகருக்குக் குரல் கொடுப்பதுபோல.

முன்வரிசையில் தலைகள் திரும்பின. அதிகாரி ஒரு கணம் தயங்கினார். அடுத்த வரியைச் சொன்னார். டீனி திருப்பிச் சொன்னாள். இந்த முறை பத்துப் பேர், "சொல்லும்மா!" என்றார்கள். மூன்றாவது வரிக்கு நாற்பத்து மூன்று குரல்களும் சேர்ந்துகொண்டன. அதிகாரி தாளிலிருந்து கண்ணை எடுத்து, இதை எப்படி நிறுத்துவது என்பதுபோல் டீனியைப் பார்த்தார்.

"அவங்க எங்க தெருக்காரங்க" என்றாள் டீனி, உயர்த்திய கையை இறக்காமல். "நிறுத்த மாட்டாங்க. நீங்க மேல சொல்லுங்க."

கூடமே சிரித்தது. அவர் மேலே சொன்னார். அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்ற இடம் வந்தபோது வெர்னெலின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. தான் கத்துகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

விருந்தின்போது வெள்ளி முடியுள்ள சீமாட்டி ஒருவர் தட்டோடு அவள் பக்கம் வந்து, கனிவாக, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று விசாரித்தார்.

கூட்டத்துக்கு நடுவே மூன்று நாட்டுக்காரர்கள் சூழ நின்று ஏதோ மொழியில் பேசிக்கொண்டிருந்த டீனியை வெர்னெல் கையை நீட்டிக் காட்டினாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து தன் கையால் சூட்டுச் சீப்பு போட்டு, படியப் படிய வாரி, பின்கழுத்தில் சுருட்டிச் செருகிய கொண்டை ஒரு முடி கலையாமல் நின்றது.

"தூதரம்மா தலை தெரியுது பாருங்க? அது நான் பண்ணினது" என்றாள்.